மௌனம் யாரைக் காக்கிறது?

குடும்ப வரலாற்றைத் தனியாகத் தேட முடியாது. கொள்ளுப்பாட்டியைப் பற்றிய செய்தி நம்மிடமே இருந்தால் தேட வேண்டிய தேவையே இல்லை. அது வேறு யாரிடமோ இருக்கிறது: ஒரு பதிவேட்டில், ஓர் ஆய்வாளரின் குறிப்பில், தூரத்து உறவான ஒரு கிழவியின் நினைவில். ஆகவே தேடுவது என்பது கேட்பதுதான். அப்படிக் கேட்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது? கேட்கப்பட்டவர் சொல்ல மறுத்தால் அதை என்ன செய்வது?

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள் நான். அப்பா வழியில் பின்னோக்கிப் போவது எனக்குக் கடினமாக இல்லை. ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை முறைப்படுத்தும் ‘பாடு’ எங்கள் பக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. அந்த உரிமை தலைக்கட்டு வழியாக அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். தலைக்கட்டு என்றால் மணமான ஆண். அதனால் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஐந்து தலைமுறை ஆண்களின் பெயர்களை விரல் மடக்கிச் சொன்னார். “அவங்க பொண்டாட்டிங்க பேரு, தாத்தா?” என்று கேட்டேன். “அதெல்லாம் வெளியூர்லேர்ந்து வந்த பொண்ணுங்கம்மா” என்றார். இதை மறதி என்று சொல்ல முடியாது. உரிமை எந்த வழியில் போகிறதோ, நினைவும் அந்த வழியில் போகிறது.

எழுத்திலும் இதே கதைதான். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சம் பேரின் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் அவற்றில் உண்டு. தகப்பன் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. தாய்க்கு இல்லை. தாய்வழியில் தேடுகிற பேத்தி அங்கே என்ன கேட்பாள்?

ஆனால் எங்கள் ஊரின் பெயரைச் சுமந்த ஒரு பெண், ஏறத்தாழ 370 ஆண்டுகளுக்குப் பிறகும் பதிவேடுகளில் இருக்கிறாள். டச்சுக் கம்பெனியின் கெல்ட்ரியா கோட்டை இங்கே எழுந்தது 1613இல். துணியை ஏற்றிய அதே கரையில் மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் அடிமை வியாபாரம் பெருகியது. அப்படி பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, போய்ச் சேர்ந்தவர்களில் ஒருத்தி காத்ரைன். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டைப் பாலியகாத்தா என்றார்கள். அவளைப் பாலியகாத்தாவின் காத்ரைன் என்று எழுதினார்கள். இன்னோர் அடிமையான அவளுடைய காதலன், இருவருக்கும் நடந்த சண்டையில் இறந்துபோனான். 1656இல் அவளுக்கு மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுள் முழுவதற்குமான நாடுகடத்தலாக மாற்றினார்கள். 1657இல் நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேர்ந்து, அங்கே டச்சுத் தளபதிகளின் வீட்டில் துணி துவைத்தாள். ஒரு படைவீரனுக்கு அவள் பெற்ற மகன் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன். அவன் ஒரு பிரெஞ்சு அகதிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தான். தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குடும்பத்தாருக்கு அவள்தான் ஆதித் தாய்.

இது எப்படித் தெரியவந்தது? மான்செல் அப்ஹாம் போன்ற ஆய்வாளர்கள் நீதிமன்ற ஏடுகளையும் ஞானஸ்நானப் பதிவுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்தார்கள். குடும்ப வரலாறு தேடியவர்கள் தங்களிடம் இருந்ததைப் பிறருக்குத் தந்தார்கள். 1950இல் அந்த நாட்டு அரசு மக்களை நிறத்தின்படி பதிவு செய்யும் சட்டம் கொண்டுவந்தபோது, வெள்ளையராகப் பதிவான ஒரு குடும்பத்துக்கு இப்படியொரு பாட்டி இருப்பது மறைக்க வேண்டிய சேதி. கேட்டவர்கள், தாங்கள் நினைத்த ஆள் தாங்கள் இல்லை என்று அறியத் துணிந்தார்கள்.

அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் இரண்டு விஷயங்களை மறக்க மாட்டேன். ஒருவன் செத்ததால்தான் எழுத்தர் அவளைப் பற்றி இவ்வளவு எழுதினார். அவளோடு கப்பலேறி, யாரையும் கொல்லாமல், துவைத்துச் சமைத்துச் செத்துப்போன மற்ற பெண்கள் வெறும் எண்ணிக்கை. இன்னொன்று, காத்ரைன் என்பது மற்றவர்கள் இட்ட பெயர். அவளைப் பெற்றவள் கூப்பிட்ட பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவைப் பெற்றவளின் தாயைப் பற்றிப் பெரியம்மாவிடம் கேட்டேன். மீன் அரிந்துகொண்டே பெயரைச் சொன்னார். தலைக்கூடையோடு எவ்வளவு தூரம் நடப்பாள், கணக்கு எப்படிப் போடுவாள் என்றெல்லாம் சொன்னார். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்றதும் அரிவாள்மணை நின்றது. “அது தெரிஞ்சு உனக்கு இன்னா ஆவப்போவுது கண்ணு? பேத்திய பொண்ணு பாக்க வர்றாங்க. இப்பப் போயி அத்தக் கிளறாத” என்றார்.

எனக்குப் புரிந்தது. நம் ஊரில் “நீங்க எந்த ஆளுங்க?” என்பது வரலாற்றுக் கேள்வி இல்லை. சாதியைக் கண்டுபிடிக்கும் கேள்வி. பாட்டி எங்கிருந்து வந்தாள் என்பது தெரிந்தால் விலை கொடுக்கப்போவது நான் இல்லை. இருபது வயதுப் பெண் ஒருத்தி. செத்துப்போனவளின் ஊர்ப்பெயர் பெரிதா, உயிரோடு இருப்பவளின் வாழ்க்கை பெரிதா?

உண்மைதான் பெரிது என்று சொல்லும் தோழிகள் உண்டு. ஸ்னைமன் குடும்பங்களும் ‘கிளறாதே’ என்றுதானே மூடி வைத்தன, அதை மட்டும் ஏன் குறை சொல்கிறாய் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இது: இரண்டும் மௌனம்தான், ஆனால் ஒன்றல்ல. அங்கே மௌனம் ஆள்கிறவர்களின் இடத்தைக் காத்தது. அதை உடைத்தவர்கள் தங்கள் சொந்தச் சலுகையைத் தொட்டார்கள். இங்கே மௌனம், சாதிக்குத் தப்பி வந்த ஒருத்தியின் வாரிசுகளைக் காக்கிறது. அதை உடைத்தால் சாதிக்குத்தான் ஆள் காட்டிக்கொடுப்போம். கேட்பதற்கு முன், மௌனம் யாரைக் காக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த மௌனம் நம்மைக் காக்கிறது என்றால் உடைக்கலாம். நம்மைவிட எளியவரைக் காக்கிறது என்றால், உடைக்கும் உரிமை அவருடையது.

பெரியம்மா மூடி வைத்ததைச் சொல்லக்கூடிய உறவுக்காரர் ஒருவர் பக்கத்துக் குப்பத்தில் இருக்கிறார். அவரிடம் நான் போகவில்லை. ஒருவர் மறுத்ததை இன்னொருவரிடம் வாங்குவது ஆய்வு முறையில் சாமர்த்தியமாக இருக்கலாம். உறவு முறையில் அது திருட்டு.

இதனால் தேடாதே என்று சொல்லவில்லை. தேடுங்கள். ஆனால் ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் வீட்டுக் கிழவிகளிடம் போங்கள். பெண் வழியைப் பொறுத்தவரை அவர்களே மூத்த ஆய்வாளர்கள். ஏன் கேட்கிறீர்கள், எங்கே எழுதப்போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். எழுதியதை அவர்களுக்கே முதலில் படித்துக் காட்டுங்கள். பாலியகாத்தா என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கடல் கடந்து யாராவது எங்கள் கரைக்கு வந்து கேட்டால், வாங்குவதோடு கொடுக்கவும் வேண்டும். அங்கே துணி துவைத்தவளின் கதை இங்கே மீன் விற்பவளுக்கும் தமிழில் கிடைக்க வேண்டும்.

என் நோட்டுப் புத்தகத்தில் நான்கு பெண்களின் பெயர்கள் மேலிருந்து கீழாக இருக்கின்றன. முதல் பெயருக்குப் பக்கத்தில் ஊருக்கான இடம் காலி. அதைத் தகவல் கிடைக்கவில்லை என்று நான் குறிக்கவில்லை. ‘சொல்ல மறுத்தார்கள்’ என்று எழுதியிருக்கிறேன். அதுவும் எங்கள் குடும்ப வரலாறுதான்.