இடியும் சுவருக்கு யார் பொறுப்பு?

பழைய கட்டடத்தின் கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைக்கிறது. முதல் ஆண்டில் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். ஐந்தாம் ஆண்டில் வேர் செங்கல் இடுக்கில் இறங்கிக் காரையைப் பிளந்திருக்கும். இழுத்தால் சுவரும் கூட வரும். கட்டடப் பராமரிப்பு விதிகள் எல்லாமே இந்த ஐந்தாண்டு இடைவெளிக்காக எழுதப்பட்டவைதாம். அதற்குள் அந்தக் கன்றைப் பிடுங்க வேண்டியவர் யார்?

சொத்துக்காரர்தான் என்பது நேரடி விடை. என் வீடு, இடிந்தால் என் நட்டம் என்று அவர் சொல்லிவிட முடியாது. சுவர் தெருவில் போகிறவர் தலையிலும்தான் விழும். ஆனால் பராமரிக்கும் கடமையை ஒருவர்மேல் சுமத்தும்போது, அதற்கான வழியையும் அவருக்கு விட்டுவைத்திருக்க வேண்டும்.

தென் மும்பையில் அந்த வழி அடைபட்டது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் அளவிலேயே நிறுத்தியது. வீட்டுப் பஞ்சக் காலத்தில் எளிய குடித்தனக்காரர்களை அது காத்தது உண்மை. ஆனால் மரமும் கூலியும் விலை ஏற ஏற, வாடகை நின்ற இடத்திலேயே நின்றது. உரிமையாளர்கள் கையை விரித்தார்கள். 1969இல் பழுதுபார்ப்பு வரி வந்தது. அரசு வாரியம் அந்த வேலையை ஏற்றது. அந்த வாடகை விதிகள் காலப்போக்கில் நியாயமற்றவையாகிவிட்டன என்று 1997இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்குள் உத்தரங்கள் உளுத்திருந்தன. மர முட்டுகள்தான் பல மாடங்களைத் தாங்கி நின்றன.

2017 ஆகஸ்ட் 31 அன்று அதே தென் மும்பையின் பெண்டி பஜாரில் ஒரு கட்டடம் சரிந்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆபத்தானது என்று முன்பே குறிக்கப்பட்ட கட்டடம் அது. தெரிந்தும் இத்தகைய வீடுகளில் மக்கள் ஏன் இருக்கிறார்கள்? வெளியேறினால் குடியிருப்பு உரிமை போய்விடும் என்ற பயம். தற்காலிக முகாமுக்குப் போனவர்கள் பல ஆண்டுகளாக அங்கேயே கிடப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

ஆகவே, பாழடைந்த எல்லாக் கட்டடத்தையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. பழுதுபார்க்கப் பணமில்லாதவரும், குடித்தனக்காரர் தாமாகவே ஓடட்டும் என்று கூரையை ஒழுகவிடுபவரும் ஒன்றல்ல. முன்னவருக்கு அபராதம் போட்டால் சுவர் நிமிராது. கடனும் நியாயமான வாடகையுமே நிமிர்த்தும். பின்னவர் செய்வது அலட்சியம்கூட அல்ல, மெதுவாகச் செய்யும் வெளியேற்றம். அவரிடம் உள்ளாட்சி தயவு காட்டத் தேவையில்லை: தானே பழுதுபார்த்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

கடைசியாக, உள்ளாட்சியின் பங்கு. ‘அபாயகரமான கட்டடம், உடனே காலி செய்க’ என்று கதவில் ஒட்டியதும் சட்டப்படி அதன் கடமை முடிந்ததாகலாம். அறத்தின்படி முடியாது. போக ஓர் இடமும், திரும்பி வரும் உரிமைக்கு எழுத்து உறுதியும் அந்தத் தாளோடு சேர்ந்து வரவேண்டும். அவை இல்லாத அறிவிப்பு, விபத்துக்குப் பின் அதிகாரியைக் காப்பாற்றும். உள்ளே தூங்குகிறவரைக் காப்பாற்றாது.