சாபமா? சாக்கடையா?



ஒரு தேசத்தில் கொள்ளைநோய் வந்தவுடனே, "அவங்க செஞ்ச பாவம், அதான் இந்த வாதை" என்று நம்மில் சிலர் சட்டென்று சொல்லிவிடுகிறோம். அது நியாயமா? ஹெய்ட்டி தேசத்தைப் பாருங்கள்.

2010 ஜனவரி 12-ல் அங்கே பெரிய பூமியதிர்ச்சி. உடனே அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரசங்கியார் ஒருவர், அந்த ஜனங்கள் சாபத்துக்குள்ளானவர்கள் என்று பேசினார். அக்டோபரில் காலராவும் வந்தது. அதற்கு முன் நூறு வருஷமாக அங்கே காலரா இருந்ததாகப் பதிவே இல்லை! பின்னே எங்கிருந்து வந்தது? அமைதி காக்க வந்த ஐ.நா. படையின் முகாமிலிருந்து! நேபாளச் சிப்பாய்கள் தங்கியிருந்த அந்த முகாமின் மலக்கழிவு ஓடையில் இறங்கி, ஆர்ட்டிபொனிட் ஆற்றில் கலந்தது. குடிக்க, குளிக்க, துவைக்க ஏழைகளுக்கு அந்த ஆறுதான். 8 லட்சத்துக்கும் அதிகமானோர் வியாதிப்பட்டார்கள். ஏறக்குறைய 10,000 பேர் மரித்தார்கள்.

இப்போ சொல்லுங்கள், யார் குற்றம்? அந்தச் சிப்பாயா? தன் வயிற்றில் கிருமி இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. அவனே பாரிஸ் பட்டணத்துக்குப் போயிருந்தால் இப்படி ஒரு வாதை பரவியிருக்குமா? பரவாது. அங்கே சாக்கடை வேறு, குடிநீர் வேறு.

ஹெய்ட்டியில் ஏன் அப்படி இல்லை? ஜனங்கள் சோம்பேறிகளா? இல்லவே இல்லை. அடிமை நுகத்தை முறித்து 1804-ல் விடுதலையானவர்கள் அவர்கள். 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கேட்டது. அடிமையாயிருந்தவன் எஜமானுக்குப் பணம் கட்ட வேண்டுமாம்! பிறகு தொகையைக் குறைத்தார்கள். ஆனாலும் அதற்காக வாங்கிய கடன் 1947 வரை தீரவில்லை. சொந்த ஆட்சியாளர்களும் கொள்ளையடித்தார்கள். குழாய் போட வேண்டிய காசு இப்படித்தான் போயிற்று.

2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். 40 கோடி டாலர் திரட்டுவதாகத் திட்டமும் போட்டார்கள். நாடுகள் கொடுத்ததோ கொஞ்சமே. கை திறக்காத மன்னிப்பு மனந்திரும்புதல் ஆகுமா?

பிரியமானவர்களே, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நேரத்தோடு கொடுத்தால், காலராவில் நூற்றுக்கு ஒருவர்கூடச் சாவது அரிது. கிருமி வருவது ஒரு காரியம். அது கொல்லட்டும் என்று ஏழையை விட்டுவைப்பது வேறு காரியம். முன்னது யாருக்கும் தெரியாமல் நடக்கும். பின்னது தெரிந்தே நடக்கிறது. ஆகையால் இனி வாதையின் செய்தி கேட்கும்போது, "இவங்க என்ன பாவம் செஞ்சாங்க?" என்று கேளாதிருங்கள். "இவங்களுக்கு நல்ல தண்ணி கிடைக்காமப் போனது யாரால?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் நம் பங்கும் இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள்.