மழையும் வினையும்

மலைச்சரிவில் பெருமழை பெய்து, மண் பெயர்ந்து, அதனடியில் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான ஒரு லயம் புதையுமாயின், அத்துன்பத்தை அங்கு வாழ்ந்தோர் முற்பிறவியில் ஈட்டிய வினையின் பயனென்று கூறி அமைதல் தகுமா? 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, இறந்தோரும் காணாமற்போனோருமாக நூற்றுக்கு மேற்பட்டோரை இழந்தோம். அதே பெருமழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயமும் மண்ணுள் மறைந்தது. இத்தகைய மரணவீடுகளில் ‘எல்லாம் விதி’ என்னும் ஆறுதல்மொழி எளிதில் வந்துவிடுகின்றது. சொல்வோரின் அன்பை நான் ஐயுறவில்லை. அம்மொழியின் உண்மையையே ஆராய விழைகின்றேன்.

சைவசித்தாந்த மரபு உயிர்க்கு வரும் துன்பங்களை மூன்றாக வகுக்கும். கருவாசம், பிறப்பு, மூப்பு, நரகம் முதலாகத் தெய்வ நியதியால் வருவன ஆதிதைவிகம். மழை, காற்று, நெருப்பு முதலிய பூதங்களால் வருவன ஆதிபௌதிகம். தன்னாலும் பிற உயிர்களாலும் வருவன ஆதியான்மிகம். மூன்றிற்கும் மூலம் வினையே எனினும், அது வந்துசேரும் வாயில் வெவ்வேறென்பதை முன்னோர் பிரித்தே காட்டினர். மண்சரிவை நாம் தயக்கமின்றி ஆதிபௌதிகத்துள் அடக்கிவிடுகின்றோம். அது பொருந்துமா என்பது, மழைநீர் மண்ணுள் இறங்கும் முறையை அறிந்தாலன்றி விளங்காது.

1911ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் கிறீன், அம்ப்ற் என்னும் இருவர் வகுத்த கணித மாதிரி, நகரங்களில் மழைநீரை உறிஞ்சும் பசுந்தோட்டங்களை அமைப்போர்க்கு இன்றும் உதவுகின்றது. ஈரம் ஒரு முகப்பாகக் கீழிறங்குகின்றதென்றும், உலர்ந்த மண் தன் நுண்துளைகளின் இழுவிசையால் முதலில் விரைந்து உறிஞ்சி, ஈரமுகப்பு ஆழச் செல்லச் செல்ல வேகந்தணிந்து, நிறைவுற்ற மண் நீரைக் கடத்தும் இயல்பளவை நெருங்கி நிற்குமென்றும் அது கூறும். மழையின் வேகம் மண்ணின் ஏற்குந்திறனை மிஞ்சுமிடத்து எஞ்சிய நீர் மேலோடும் என்பதை அமெரிக்கரான ஹோற்றன் 1933இல் விளக்கினார். இவ்விரு கணக்கிலும் மழை ஓர் எண், மண் வேறோர் எண். முன்னது வானத்தினின்று வருவது; பின்னதோ துளை, முன்னீரம், மேற்போர்வை என்பவற்றால் அமைவது; அவற்றுட் பெரும்பகுதி மனிதர் கையால் ஆக்கவும் அழிக்கவும் படுவது.

மண்ணென்னும் எண்ணை மனிதர் கை மாற்றியதை நம் மலைநாட்டிற் காணலாம். இரத்தினபுரி, ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் பூமி. சிவனொளிபாதமலைச் சாரலிற் பிறக்கும் களுகங்கை அந்நகரைப் பலமுறை மூழ்கடித்துள்ளது. காடு நின்ற காலத்தில் சருகும் வேரும் நீரை ஏந்தி மெல்ல உள்ளே விட்டன. கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் இறப்பருக்குமாக மலைக்காடுகள் அழிந்தபோது, வெறுமண் துளிகளின் அறையை நேரே தாங்கி, துளைகள் அடைபட, மேன்மண் கழுவுண்டு போயிற்று. இதனை அறிந்தே தோட்டங்களில் மலைக்குக் குறுக்கே கான் என்னும் வடிகால் வெட்டி, இடையிடையே மண்தடை நிறுத்தி, நீரைத் தங்கித் தங்கிச் செல்லவைத்தனர். பழைய தேயிலை பிடுங்கிய நிலத்தில் மானாப்புல் வளர்த்து மண்ணைத் தேற்றினர். நகரத்து அறிஞர் இன்று பசுங்கட்டமைப்பென்று போற்றுவதன் மூத்த உறவு இது. கான் வெட்டும் தொழிலாளியின் உழைப்பினாலேயே அது உயிர்வாழ்கின்றது.

ஆயினும் நீரை உறிஞ்சுதல் எங்கும் நன்மை என்று எண்ணுதல் பிழை. கொழும்பின் சமதரையில் நீர் இறங்க இறங்க நன்று. செங்குத்துச் சரிவிலோ, இறங்கிய நீர் மண்துகள்களிடையே அழுத்தத்தை உயர்த்தி, அவை ஒன்றையொன்று பற்றிநிற்கும் உராய்வைக் குறைத்து, மலையையே வழுக்கச் செய்யும். அதனாலேயே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்கவும், 100 பெய்தால் ஆயத்தமாகவும், 150 பெய்தால் வெளியேறவும் அறிவுறுத்துகின்றது. தனக்கென்று ஒரு துண்டுக் காணியும் இல்லாத குடும்பம் நள்ளிரவில், பிள்ளைகளோடு, எங்கே வெளியேறுவது?

இந்நிலைக்குப் பொறுப்பாளர் யாரென அறிய நம் இலக்கணம் ஒரு வழி காட்டும். அரசன் கட்டினான், தச்சன் கட்டினான் என்று ஒரே கோயிலைப் பற்றிப் பேசும்போது, அது முன்னவனை ஏவுதற் கருத்தா என்றும் பின்னவனை இயற்றுதற் கருத்தா என்றும் வகுத்துரைக்கும். காட்டை வெட்டியதும், சரிவைக் குடைந்து லயம் எழுப்பியதும் நம்மவர் கைகளே; இடந்தேர்ந்து ஏவியவர் வேறு. ஆகையால், பூதங்களின்மேல் நாம் ஏற்றிவைத்த துன்பத்திற் பெரும்பங்கு, பிற உயிர்களின் முடிவுகளால் வந்த ஆதியான்மிகமே என்பது என் துணிபு. முற்பிறவி வினையில் இப்பிறவியில் நுகர வந்த பிராரத்தத்தை நான் மறுப்பவனல்லன். துன்புறுவோன் தன் துயரைத் தாங்கிக்கொள்ள அக்கொள்கை ஊன்றுகோலாகலாம். ஆனால் அவன் கணக்கை அறிந்தவன் இறைவன் ஒருவனே ஆதலின், பார்த்து நிற்கும் நாம் அதனை அவன்மேல் ஓதுதற்கு உரியரல்லேம். நமக்கு அறியக் கிடைப்பது ஆகாமியம், இப்பொழுது செய்தும் செய்யாதுவிட்டும் சேர்த்துக்கொள்வது. மே மாத மழைக்குமுன் கான்கள் தூர்ந்து கிடப்பதும், ஆபத்தென்று குறிக்கப்பட்ட லயத்தாருக்கு மாற்றுக்காணி வழங்காது காலங்கடத்துவதும் எவருடைய ஆகாமியத்தில் ஏறும் என்பதை, மாரியம்மன் திருவிழா மேடைகளில் வினையைப் பிரசங்கிப்போர், தோட்ட நிருவாகத்தாரும் அரச அதிகாரிகளும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போதே கேட்க வேண்டும்.