இறங்கும் கிளைடரும் ஏறும் காற்றும்

ஊழைவிட வலியது எதுவுமில்லை என்கிறது திருக்குறளின் 38ஆம் அதிகாரம். தளராமல் முயல்பவர் அந்த ஊழையும் புறங்காண்பார் என்கிறது 62ஆம் அதிகாரம். இரண்டையும் எதிர்க்கட்சிகளாக்கி வழக்காடும் பழக்கம் நமக்கு உண்டு. ஒன்றின் பங்கு கூடினால் மற்றதன் பங்கு குறையும் என்ற கணக்குத்தான் அந்த வழக்கின் அடிப்படை. அந்தக் கணக்கே பிழை என்று கருதுகிறேன். ரேடியோவால் இயக்கும் மாதிரி கிளைடர் அதைத் தெளிவாகக் காட்டுகிறது. தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் கிளைடர் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். எவ்வளவு தேர்ந்த கைக்கும் இதில் விலக்கில்லை. அது இறங்குவதைவிட வேகமாகக் காற்று மேலெழுந்தால்தான் உயரம் கூடும். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் அந்தக் காற்றை, அதாவது தெர்மலை, ரிமோட்டைப் பிடித்து நிற்பவர் உண்டாக்க முடியாது. வட்டமிடும் பறவையைப் பார்த்தும், முகத்தில் படும் காற்று திசை மாறுவதை உணர்ந்தும், ஓர் இறக்கை சற்றே தூக்கப்படுவதைக் கவனித்தும் அதைத் தேடிப் போகலாம், அவ்வளவுதான். மேலே தூக்கியது முழுக்கக் காற்று; அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது முழுக்க அவர். ஆளுக்குப் பாதி என்று பிரிக்க இங்கே எதுவுமில்லை.

தெர்மல் யாருக்குக் கிடைக்கிறது என்பது வெறும் அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். மாதிரி கிளைடர் போட்டிகளின் விதிகளை வகுத்தவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். மின் மோட்டார் பொருத்திய கிளைடர்களுக்கான எஃப்5ஜே பிரிவில் ஒரு குழுவினர் அனைவரும் ஒரே பத்து நிமிடத்தில், ஒரே வானில் பறக்கவிடுகிறார்கள். குழுவில் முதலிடம் பெறுபவருக்கு 1000 புள்ளிகள்; மற்றவர்களுக்கு அந்த விகிதத்தில். மோட்டாரை ஏறுவதற்கு மட்டும், அதிகபட்சம் 30 விநாடி இயக்கலாம். அப்படிப் பெற்ற உயரத்தில் 200 மீட்டர் வரை மீட்டருக்கு அரைப் புள்ளியும், அதற்கு மேல் மீட்டருக்கு மூன்று புள்ளியும் கழிக்கப்படும். ஆகவே மோட்டாரை எங்கே நிறுத்துவது என்பது, காற்றை எவ்வளவு நம்புகிறோம் என்று ஒவ்வொருவரும் எடுக்கும் முடிவு. எனக்கு இந்த விதி மிகவும் பிடித்தது. தாழ்வாக நிறுத்தியவர் ஊழிடம் சரணடையவில்லை. காற்றை அறிந்த அளவுக்குத் துணிந்திருக்கிறார்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. கூரிய கண்ணும், பொறுமையும், பயிலுவதற்கான ஓய்வும் பணமும் கூடப் பிறப்பும் சூழலும் தந்தவைதாமே? அப்படியானால் முயற்சியும் ஊழின் ஒரு கிளைதானே? தந்தவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் முயற்சி இல்லாமல் போகிறது என்பதை ஏற்க மாட்டேன். வலுவிழக்கும் தெர்மலில் இன்னும் ஒரு வட்டமா, இருக்கும் உயரத்தோடு வேறிடம் தேடுவதா என்ற கேள்வி எழும்போது, இவருக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்ற வரலாறு விடை சொல்லாது. அவர்தான் தீர்மானிக்க வேண்டும், அதுவும் உடனே. எழுகாற்றே கிடைக்காமல் குழு முழுவதும் நான்கு நிமிடத்தில் தரையிறங்கும் நாளும் உண்டு. அன்றும் முதலிடத்துக்கு 1000 புள்ளிகள்தாம். வானம் தராத ஆறு நிமிடங்களுக்கு அங்கே யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை.