இடையில் திரும்பியவர்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று அக்கரைப்பற்று வரை நீளும் நமது கரையோர ஊர்களில், வெளிநாடு போனவர் ஒப்பந்தக் காலம் முடியுமுன் திரும்பினால் அவருக்கென்று ஒரு கேள்வி காத்திருக்கும்: "என்ன தம்பி, இடையிலயே வந்திட்டீங்க?" கேட்பவர் சுகம் விசாரிப்பதாகவே நினைத்திருப்பார். ஆனால் கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் கிடக்கிறது: தாக்குப்பிடித்தவர் கெட்டிக்காரர், திரும்பியவர் தோற்றவர். இந்தத் தீர்ப்பு சரிதானா என்பதை ஓர் உதைபந்தாட்டக்காரரை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். கட்டார் மைதானங்கள் எழுவதற்கு வெகுகாலம் முன்பே, இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, கடல் கடந்து போய் இடையில் திரும்பியவர் அவர்.

1904இல் கல்கத்தாவின் மெட்டியாபுரூஸில் பிறந்த முஹம்மது ஸலீம், முஹமதன் ஸ்போர்ட்டிங் கழகத்துக்கு வலப்புற முன்வரிசையில் ஆடியவர். அதுவரை பிரித்தானியப் படைப்பிரிவுகளும் வெள்ளையர் கழகங்களும் தமக்குள்ளேயே பங்குபோட்டுவந்த கல்கத்தா லீக்கை 1934இல் வென்ற முதல் இந்திய அணி அந்தக் கழகம்தான். 1938 வரை ஐந்து ஆண்டுகள் அது கிண்ணத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் 1936இல், ஓர் உறவினரின் தூண்டுதலில் ஸலீம் பிரித்தானியாவுக்குக் கப்பலேறினார். கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்தை அப்போது நடத்திய வில்லி மேலி அவரைப் பரீட்சித்துப் பார்க்க இணங்கினார். பூட்ஸ் இல்லாமல், பாதத்தில் துணிக்கட்டுச் சுற்றிக்கொண்டு ஸலீம் இரண்டாம் அணிக்கு இரண்டு போட்டிகள் ஆடினார். ஹமில்டனுடன் 5-1, கால்ஸ்டனுடன் 7-1 என்று இரண்டிலும் செல்டிக்குக்கே வெற்றி. ஸ்கொட்லாந்துப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின, கழகம் அவரை வைத்துக்கொள்ள விரும்பியது. ஊர் நினைப்புத் தாளாமல் அவர் திரும்பிவிட்டார்.

கைக்கு வந்ததைத் தட்டிவிட்டார் என்பதுதான் முதலில் எழும் குறை. அவர் தட்டிவிட்ட வாழ்க்கை எப்படிப்பட்டது என்று பார்த்த பிறகு அதைச் சொல்லலாம். அக்கால இங்கிலாந்தில் தொழில்முறை வீரர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் 1922க்குப் பிறகு பருவ காலத்தில் வாரம் 8 பவுண், கோடையில் 6 பவுணுக்கு மேல் சம்பளம் வாங்க முடியாது. 1928இல் டேவிட் ஜக் என்பவரை போல்டன் கழகத்திடமிருந்து வாங்க ஆர்சனல் பத்தாயிரம் பவுணுக்கு மேல் கொடுத்தது. அந்தப் பணம் கழகத்திலிருந்து கழகத்துக்குப் போனது, வீரரின் சம்பளத்துக்கு அல்ல. இதைவிடக் கொடியது இன்னொன்று. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரின் பதிவைக் கழகம் தன் கையில் வைத்துக்கொள்ளலாம். அது விடுவிக்காமல் அவர் வேறு லீக் கழகத்துக்கு ஆட முடியாது. ஸ்கொட்லாந்தில் சம்பள உச்சவரம்பு இருக்கவில்லை, ஆனால் இந்தப் பிடி அங்கும் இருந்தது. தொழிலாளியை முதலாளியோடு கட்டிவைத்த வளைகுடாவின் கபாலா முறையை நம் வீடுகளில் கேட்டறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் சம்பள வரம்பு ஒழிய 1961 ஆயிற்று. பதிவின் பிடியை நியாயமற்றது என்று நீதிமன்றம் சொல்ல 1963 வரை, ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்குவரை, பொறுக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் அந்த 8 பவுண் சுரங்கத்திலும் ஆலையிலும் கிடைத்ததைவிட மிகுதி அல்லவா என்று கேட்கலாம். மிகுதிதான். வடக்கு இங்கிலாந்தின் சுரங்கப் பையன்கள் விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டு மறுத்திருந்தால் அது பைத்தியக்காரத்தனம். அவர்களுக்குப் பின்னால் இருந்தது சுரங்கம். ஸலீமுக்குப் பின்னால் இருந்ததோ லீக்கை அடுத்தடுத்து வென்றுகொண்டிருந்த ஓர் அணியும், அதற்காக மைதானத்தை நிரப்பிய சனமும். திரும்பி வந்தவர் மறுபடியும் அந்தக் கழகத்துக்கே ஆடினார். அவருடைய திறமைக்கு ஊரில் ஓர் இடம் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. ஊர் நினைப்பு எல்லாருக்கும் வரும். அதற்குச் செவிகொடுக்கும் வசதி சிலருக்குத்தான் வாய்க்கிறது. எனவே அவரை மண்பற்றின் உதாரணமாக மேடையில் தூக்கி நிறுத்துவதும் எனக்கு உவப்பில்லை. கடனுக்கு நகையை ஈடுவைத்து றியாத்துக்குப் போனவரிடம் போய் ஸலீமைப் போலத் திரும்பி வா என்று சொல்வது கொடுமை.

இன்னொரு மறுப்பும் உண்டு: இரண்டே போட்டிகளோடு முடிந்ததை ஒரு வாழ்க்கைச் சாதனையாக எப்படி எண்ணுவது? இதில் பிழை எண்ணுகிறவர்களின் கணக்கில். ஐந்து லீக் வெற்றிகள் கொண்ட கழகத்தில் ஆடியவரை நாம் கிளாஸ்கோவின் இரண்டு ஆட்டங்களுக்காக மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். வெள்ளைக்காரர் கைதட்டிய இடத்தில்தான் அவருடைய வரலாறு தொடங்குகிறது என்பதுபோல. (நானும் இங்கே அந்த ஆட்டங்களின் கோல் கணக்கைத்தானே எழுதினேன், கல்கத்தாவில் ஆடியவற்றை அல்ல.) பிற்காலத்தில் ஸலீம் நோயுற்றபோது, கழகம் அவரை இன்னும் நினைவில் வைத்திருக்கிறதா என்று அறிய அவருடைய மகன் செல்டிக்குக்குக் கடிதம் எழுதினார் என்றும், பதிலோடு 100 பவுண் வந்தது என்றும், அது செலவழிக்கப்படாமல் பாதுகாக்கப்பட்டது என்றும் பதிவுகள் சொல்கின்றன. ஸலீம் 1980இல் காலமானார். சாதனைக்குச் சான்றிதழ் அக்கரையிலிருந்துதான் வர வேண்டும் என்ற எண்ணம், திரும்பி வந்தவரின் வீட்டிலும் முற்றாக நீங்கவில்லை போலும்.

ஆகவே இடையில் வந்தவரைக் குறுக்கு விசாரணை செய்யும் ஊர், தன்னிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது: வந்தவரின் கைத்தொழிலுக்கு இங்கே என்ன வைத்திருக்கிறோம்? வெல்டிங்கும் மின்னிணைப்பும் வளைகுடாவில் பழகியவர் ஊரில் ஓட்டோ ஓட்டுகிறார். கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் நன்றாக ஆடும் பையனுக்கு உள்ளூர்ச் சுற்றுப்போட்டிக்கு அப்பால் வழி குறுகல். 2023இல் பீஃபா இலங்கையையே பல மாதங்கள் தடைசெய்து வைத்திருந்தபோது நாட்டின் தேசிய அணிக்கும் அந்த வழி அடைபட்டது. சம்பளமும் அணியும் இங்கே கிடைக்காதவரை போவதும் இருப்பதும் திரும்புவதும் அந்தப் பையனுடைய முடிவு என்று சொல்வதற்கு நமக்கு அதிக உரிமை இல்லை.