வெள்ளையணுவுக்கு வழி சொல்லும் புரதங்கள்

காலில் முள் குத்துகிறது. முள்ளை எடுத்துப் போட்டாலும் இரண்டு நாளில் அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டிவிடுகிறது. அந்தச் சீழில் பெரும்பகுதி செத்துப்போன நியூட்ரோபில்கள். இரத்தத்தின் வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் இவைதாம். உடம்பு முழுக்கச் சுற்றிவரும் இவை, முள் குத்திய இடம் பார்த்து எப்படி இறங்கின?

வழி சொன்னவை கீமோகைன்கள் என்னும் சிறு புரதங்கள். மனித உடலில் இவை ஏறக்குறைய ஐம்பது வகை. கிருமி நுழைந்த இடத்துத் திசு, இன்டர்லூக்கின்-8 போன்ற கீமோகைன்களைச் சுரக்கிறது. இரத்தத்தில் கலந்தால் அவை அடித்துச் செல்லப்பட்டுவிடும். அதனால் இரத்தக் குழாயின் உட்சுவரிலுள்ள ஹெபரான் சல்ஃபேட் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொள்கின்றன. அதே சுவர் செலக்டின் என்ற புரதத்தையும் நீட்டியிருக்கும். வேகமாக வரும் நியூட்ரோபில் அதில் ஒட்டியும் விட்டும் உருளத் தொடங்குகிறது. உருளும்போது அதன் ஏற்பியில் கீமோகைன் பட்டதும், அணுவின் மேலுள்ள இன்டெக்ரின்கள் நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றுகின்றன. அணு நின்றுவிடுகிறது. பிறகு உடலை நெருக்கி, சுவரணுக்களின் இடுக்கு வழியே திசுவுக்குள் போகிறது.

அங்கே அது திசை அறியும் விதம் எனக்கு இன்றும் தீராத வியப்பு. அணுவின் ஒரு பக்கத்தில் கீமோகைன் மறுபக்கத்தைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக இருந்தாலே போதும், அதைக் கண்டுகொள்கிறது. கூடுதலான பக்கத்தில் ஆக்டின் இழைகள் வளர்ந்து சவ்வை முன்னே தள்ளுகின்றன; பின்பக்கத்தில் மயோசின் சுருங்கி மிச்ச உடலை இழுத்துக்கொள்கிறது. 1950களில் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஜர்ஸ் எடுத்த படத்தில், ஒரு நியூட்ரோபில் சிவப்பணுக்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஒரு பாக்டீரியாவைத் துரத்திப் பிடிக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள்.

கீமோகைனின் வேலை அழைப்பதோடு முடிவதில்லை. நிறுத்திவைப்பதும் அதுவே. எலும்பு மஜ்ஜையில் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கீமோகைன், இளம் நியூட்ரோபில்களை அங்கேயே பிடித்து வைக்கிறது. அணு முதிர முதிர, அந்தக் கீமோகைனுக்குரிய சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி குறைந்து, பிடி தளரும். அணு இரத்தத்துக்கு வரும். ‘விம்’ என்னும் அரிய பரம்பரை நோயில் இந்த ஏற்பி அடங்குவதே இல்லை. மஜ்ஜை நிறைய நியூட்ரோபில்கள், இரத்தத்திலோ வறட்சி. நோயாளிக்கு ஓயாத தொற்று, உடம்பில் மருக்கள். இரத்தத்தில் அணு குறைந்தால் உற்பத்தி குறைந்துவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. காரணமான மரபணு மாற்றம் 2003இல் தெரியவந்தது.

இதே ஏற்பியை அடைக்கும் பிளெரிக்ஸஃபார் மருந்துக்கு 2008இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. மஜ்ஜையின் பிடியிலிருந்து குருத்தணுக்களை இரத்தத்துக்குக் கொண்டுவர அது உதவுகிறது. சிலவகை இரத்தப் புற்றுநோயாளிகளிடம் அப்படிச் சேகரித்த அணுக்களையே சிகிச்சைக்குப்பின் அவர்களுக்குத் திரும்பச் செலுத்துகிறார்கள். விம் நோய்க்கென்றே மாவோரிக்ஸஃபார் என்ற வாய்வழி மருந்து அமெரிக்காவில் 2024இல் அனுமதி பெற்றது.