புது மோட்டார் வண்டியும் ஏழாம் கற்பனையும்



புதுக் கார் வாங்குகிற குடும்பத்தார் அதை விற்பனைக் கடையிலிருந்து நேரே கோவில் முற்றத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்து மந்திரித்துக்கொள்வது நம்மிடத்தில் நெடுநாளைய வழக்கம். நல்ல வழக்கந்தான். ஆனால் மந்திரித்துப் போன வண்டிகளில் சில, மூன்று மாதம் ஆவதற்குள் வேறு காரியமாய் என் காதுக்கு வந்து சேருகின்றன. "சாமி, நாலு தடவை ஒர்க்‌ஷாப்பில் விட்டாயிற்று. நடுரோட்டில் நின்றுபோகிறது. அவர்களைக் கேட்டால் வண்டியில் ஒன்றுமில்லை என்கிறார்கள்" என்பார் வீட்டுக்காரர். "இன்னொரு தரம் மந்திரித்தால் சரியாகுமா சாமி?" என்று கேட்பார் வீட்டம்மாள். தீர்த்தம் தெளிப்பது வண்டியில் ஏறுகிறவர்களுக்காகச் செய்யும் மன்றாட்டு. அதை வாரண்டிக் கடிதமாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

இது பணக்காரர் வீட்டுச் சங்கடம், இதைப் பங்குப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. இன்றைக்கு நம்மில் கார் வாங்குகிறவர்களில் அநேகர் ஐந்து வருஷம், ஏழு வருஷம் என்று மாதத் தவணை கட்டுகிறவர்கள். வீட்டுத் தாயாரின் நகை வங்கியில் இருக்கும். மகனுடைய சம்பளத்தில் ஒரு பங்கு மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கும். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்பதற்காகத் தவணை நிற்காது. ஆகையால் இது நீதியைச் சேர்ந்த காரியம். ஏழாம் கற்பனையின் கீழ் வருகிற காரியம். யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்பதைக் கொஞ்சம் நிதானமாய்ப் பார்ப்போம்.

முதலாவது, புது வண்டியில் குறை இருந்துவிட்டது என்பதே பாவமாகிவிடாது. ஒரு காரில் திருகாணி வரைக்கும் எண்ணினால் ஏறக்குறைய 30,000 பாகங்கள் தேறும் என்கிறார்கள். இப்போது அவற்றின்மேல் கம்ப்யூட்டரும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆயிரம் கைகள் சேர்ந்து செய்கிற பொருளில் ஒரு கை தவறுவது மனித சுபாவம். அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் 13-ம் நூற்றாண்டில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் காலத்தில் கார் ஏது? நொண்டிக் குதிரையை வேகமான குதிரை என்று விற்பதையும், இடியப் போகிற வீட்டை உறுதியான வீடென்று விற்பதையும் எடுத்துப் பேசுகிறார். குறையிருப்பது தெரியாமல் விற்றவன்மேல் பாவமில்லை; ஆனால் தெரியவந்த அந்த வேளையிலேயே வாங்கினவனுடைய நஷ்டத்தை உத்தரிக்க அவனுக்குக் கடமை உண்டு என்பது அவருடைய தீர்மானம். (வாங்குகிறவனையும் அவர் சும்மா விடவில்லை. விற்றவன் தெரியாத்தனமாய்ப் பொன்னைப் பித்தளை விலைக்குக் கொடுத்துவிட்டால், வாங்கினவன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறார். இதை மட்டும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.)

ஆகவே, குறை தெரியவந்த நாளிலிருந்துதான் கணக்கு ஆரம்பமாகிறது. தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லுகிறேன், உலகமறிந்த விஷயம்.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2004-ம் ஆண்டின் கடைசியில் ஷெவர்லே கோபால்ட் என்ற சின்னக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் சாவி திருப்பும் ஸ்விட்ச் இருக்க வேண்டிய அளவு இறுக்கமாக இல்லை. ஓட்டுகிறவருடைய முழங்கால் பட்டாலும், சாவிக்கொத்து கனமாயிருந்து வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினாலும், சாவி தானே திரும்பிவிடும். என்ஜின் நிற்கும். ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைத்து வந்த இயந்திர உதவியும் நிற்கும். மோதினால் விரிய வேண்டிய ஏர்பேக்கும் விரியாது. புதுக் கார் வாங்கினவர்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி அணைந்துவிடுகிறது என்று ஆரம்பத்திலேயே முறையிட்டார்கள். கம்பெனிக்குள் அந்த முறையீட்டை ஆபத்து என்ற கணக்கில் எழுதவில்லை. வாடிக்கைக்காரரின் வசதிக்குறைவு என்ற கணக்கில் எழுதினார்கள். 2005 டிசம்பரில் விற்பனையாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போயிற்று. சாவிக்கொத்தில் தேவையில்லாமல் தொங்குகிற சாமான்களைக் கழற்றிவிடும்படி வாடிக்கைக்காரர்களிடம் சொல்லுங்கள் என்பது அதிலிருந்த யோசனை!

கனவான்களே, தாய்மார்களே, நடுரோட்டில் அணைகிற புது வண்டிக்கு இது மருந்து.

இதைவிடப் பெரிய சங்கதி 2006-ல் நடந்தது. அந்த ஸ்விட்சை ஒரு என்ஜினீயர் திருத்தினார்; இனிமேல் செய்கிற வண்டிகளுக்கு இறுக்கமான ஸ்விட்ச் வரும்படி ஏற்பாடாயிற்று. ஆனால் பாகத்தை மாற்றினால் அதன் எண்ணையும் மாற்ற வேண்டும் என்ற சாதாரண விதி கைக்கொள்ளப்படவில்லை. பழைய எண்ணின் கீழேயே புது ஸ்விட்ச் வந்தது. அதனால் பழைய வண்டிகளுக்கும் புது வண்டிகளுக்கும் ஏன் வித்தியாசம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் வருஷக்கணக்காகத் திகைத்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் 2010-ல் ஒரு பெண் இறந்தார்; வண்டி ஓடும்போது அணைகிறது என்று சில நாட்களுக்கு முன்புதான் ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்திருந்தார். அவருடைய பெற்றோர் தொடுத்த வழக்கில், அவர்கள் பக்கத்து நிபுணர் ஒருவர் பழைய ஸ்விட்சையும் கடையில் வாங்கின ஸ்விட்சையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தார். அப்போதுதான் இரகசியம் வெளிவந்தது. 2014 பிப்ரவரியில் தொடங்கிக் கம்பெனி சுமார் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அது ஏற்படுத்திய ஈட்டு நிதி 124 மரணங்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்தது. ஸ்விட்சைத் திருத்த ஆகும் செலவோ வண்டி ஒன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு.

இதில் கொலைகாரர் யாரும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் இருந்தவர்கள் நம்மைப்போல் பிள்ளைகுட்டிக்காரர்கள். கூட்டம் போட்டார்கள், தலையசைத்தார்கள், அடுத்த மேசைக்குத் தள்ளினார்கள். முறையிட வந்தவர் சொன்ன ஒரு வார்த்தையை மெய் என்று எடுத்துக்கொண்டு ஒரு மனிதன் எழுந்து கேட்டிருந்தால் போதும். கம்பெனி 2014 ஜூனில் 15 பேரை வேலைநீக்கம் செய்தது. ஆனால் கேட்காமலிருந்ததற்கு வட்டி கட்டினவர்கள் வேறு குடும்பங்கள்.

நிற்க. நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் "ஒன்றுமில்லை" என்று சொல்லுகிறார்களே, அது எப்போதும் பொய்யா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வந்துவந்து மறைகிற கோளாறு மிகவும் சங்கடமானது. வெயிலில், மேட்டில், நாலுபேர் ஏறினால் வருகிற கோளாறு, பணிமனை நிழலில் ஒருவர் ஓட்டிப் பார்க்கும்போது வராது. பல்வலிக்காரர் வைத்தியர் வாசலை மிதித்ததும் வலி நின்றுபோவதைப் போல! இதனோடு, கண்டுபிடிக்கச் செலவாகும் நேரத்துக்கு அங்கே கூலி கிடைப்பதும் கஷ்டம். ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டினால்தான் கணக்கில் ஏறும். இவ்வளவும் உண்மை. எனினும் "நாங்கள் பார்த்தபோது வரவில்லை" என்பது ஒரு வார்த்தை. "உங்கள் வண்டியில் ஒன்றுமில்லை" என்பது வேறு வார்த்தை. முதலாவது உண்மை. இரண்டாவது, அறியாததை அறிந்ததாகச் சொல்லுவது. கேட்டுக்கொண்டிருப்பவரைப் பொய்யர் ஆக்குவதும்கூட. அநேகருக்குப் பணம் போனதைவிட இதுதான் நெஞ்சில் தைக்கிறது.

அதற்காக, வரவேற்பு மேசையில் இருக்கிற பையனைப் பிடித்து ஏசுவதில் நீதி கிடையாது. அவன் அந்த வண்டியைச் செய்தவனும் அல்ல, விலை குறித்தவனும் அல்ல. கோபம் வரட்டும், நியாயமான கோபம் தவறில்லை, ஆனால் அது விலாசம் தெரிந்து போக வேண்டும். கடிதமாய் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பலாம். ஒவ்வொரு முறையும் குறை இன்னதென்று நாம் சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளலாம். "பொதுப் பரிசோதனை" என்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி எத்தனை நாள் அங்கே கிடந்தது என்பதும் தேதியோடு இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட கெட்ட வண்டியை எலுமிச்சம்பழம் என்பார்கள். ஏன் அந்த நல்ல பழத்தின் பெயரைக் கெடுத்தார்களோ! அதற்கென்று கனெக்டிகட் மாநிலம் 1982-ல் ஒரு சட்டம் செய்தது. ஒரே குறைக்கு 4 தடவை பழுது பார்த்தும் தீரவில்லையென்றாலோ, வண்டி மொத்தம் 30 நாள் பணிமனையில் கிடந்தாலோ, வேறு வண்டி அல்லது பணம் கேட்க வாங்கினவருக்கு உரிமை உண்டு என்றது. மற்ற மாநிலங்களும் பின்பற்றின. நம் தேசத்தில் காருக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; 50 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம்; காரணம் எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் முறையிட வேண்டும். வண்டியையே மாற்றித் தரக் கேட்டால், அது உற்பத்தியிலேயே வந்த குறை என்று நிபுணர் அறிக்கையோடு காட்டும்படி ஆணையங்கள் பொதுவாய் எதிர்பார்க்கின்றன. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் யோசனை சொல்லுவார்கள்.

இனி, நான் முக்கியமாய்ச் சொல்ல வந்ததைச் சொல்லுகிறேன். நாலு மாதம் அலைந்து சலித்த மனிதன் ஒருநாள், "போகட்டும் சாமி, யார் தலையிலாவது கட்டிவிடுகிறேன்" என்கிறான். வண்டியைத் துடைத்து, சுவாசிக்க வாசனைப் புட்டி ஒன்று தொங்கவிட்டு, "நல்ல வண்டி, வெளியூர் மாற்றலாகிப் போகிறேன், அதனால் விற்கிறேன்" என்று சொல்லி விற்கிறான். கேட்டால், "கம்பெனிக்காரன் என்னிடம் சொன்னானா? நான் ஏன் சொல்ல வேண்டும்?" என்கிறான். இந்த நியாயம் எங்கே நொண்டுகிறதென்றால், ஏமாற்றினவன் ஒருவன். பழி வாங்கப்படுகிறவன் வேறொருவன். கம்பெனியிடம் வர வேண்டிய கடனை, வழியில் போகிற ஓர் ஏழை ஆசிரியரிடம் வசூலிக்கிறோம். அவரும் நகை வைத்துத்தான் வாங்குகிறார்.

நஷ்டம் அந்த ஒருவரோடும் நிற்பதில்லை. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார நூலார் 1970-ல் இந்தப் பழைய கார்ச் சந்தையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபெல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். குறை விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவன் எல்லா வண்டியையும் சந்தேகித்து விலையைக் குறைத்தே கேட்கிறான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மனமில்லாமல் விலகிப்போகிறான். மிஞ்சுகிறது கெட்ட வண்டிகளே. ஒருவன் மறைத்த பொய்க்கு, உண்மை சொல்லுகிற பத்துப் பேர் விலை கட்டுகிறார்கள்.

அப்படியானால் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை? குருமடத்தில் படித்த அந்தப் பழைய பாடம் இங்கே உதவுகிறது. குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் அது வாங்குகிறவன் கண்ணுக்கே தெரியும். விலையைத் தகுந்தபடி குறைத்துவிட்டால், விற்கிறவன் அதை வாயால் சொல்லக் கடமையில்லை. கதவில் உள்ள கீறல், நைந்த இருக்கைத் துணி முதலியன இவ்வகை. மறைந்திருந்து ஆபத்தோ நஷ்டமோ வருவிக்கிற குறையை, கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். ஓடும்போது அணைவது, பிரேக் சிலசமயம் பிடிக்காதது, வெள்ளத்தில் மூழ்கி எடுத்தது எல்லாம் இவ்வகை. தமுக்கடித்து ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டுமா என்றால், வேண்டாம் என்கிறார் அர்ச். தோமாஸ், வாங்க வந்தவரிடம் தனித்துச் சொன்னால் போதும். ஆகவே போனில் போடுகிற விளம்பரத்தில் எழுதாவிட்டாலும், வண்டியைப் பார்க்க வருகிறவரிடம் முன்பணம் வாங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். பழைய வண்டியைக் கடையில் கொடுத்துப் புதிது மாற்றுகிறவர்கள், "அவர்கள் கைதேர்ந்தவர்கள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்பதுண்டு. அவர்கள் கண்ணுக்குப் படுவதைப் பற்றி அது சரி. வந்துவந்து மறைகிற கோளாறு அவர்கள் கண்ணுக்கும் படாது. நாளைக்கு அந்த வண்டியில் ஒரு குடும்பம் ஏறும்.

சொன்னால் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் குறைத்துக் கேட்பார்களே என்றால், வாஸ்தவந்தான், கேட்பார்கள். அந்தக் குறைவை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அதைக் கம்பெனியிடம் நஷ்டமாய்க் கேட்கலாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வாங்குகிறவருக்கு ஆர்.சி., இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு அந்த ஜாப் கார்டுக் கட்டின் நகலையும் கொடுத்துவிடுங்கள். எந்தப் பாகத்தை எத்தனை தடவை மாற்றினார்கள் என்று அவருடைய மெக்கானிக் தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி.